கொரோனா சிகிச்சையின் நடுவே வயிற்றுப்போக்கு: வைரஸா, மருந்தா?

கேள்வி: கொரோனாவுக்காக என் தந்தையை (வயது 70) மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். மூச்சுத்திணறல் குறைந்துவரும் வேளையில், ஒன்பதாம் நாளிலிருந்து தண்ணீராகப் பலமுறை போகிறது. வைரஸ் குடலுக்கும் பரவிவிட்டதா? வீட்டில் இருக்கும் வயிற்றுப்போக்கு மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். குடலில் நச்சு சுரக்கும் கிருமி இருந்தால், குடலின் அசைவை நிறுத்துவது ஆபத்தாக முடியலாம்.

கொரோனா வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ-2 ஏற்பிகள் சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கின்றன. ஆகவே அது குடலையும் தாக்கும். ஆனால் அப்படி வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் நோயின் தொடக்கத்தில் தலைகாட்டிச் சில நாட்களில் அடங்கிவிடும். உடல் தேறிவரும்போது புதிதாகத் தொடங்கினால், நான் முதலில் புரட்டிப் பார்ப்பது மருந்துப் பட்டியலைத்தான்.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொரோனா நோயாளிகளில் 8 சதவீதம் பேருக்கே கூடவே பாக்டீரியா தொற்றும் இருந்தது. ஆன்டிபயாடிக் பெற்றவர்களோ நான்கில் மூவர் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதப்பட்ட மருந்துகள் எத்தனை என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அவை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். காவல் இல்லாத அந்தக் குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமி பெருகி, நச்சு சுரந்து, பெருங்குடலைப் புண்ணாக்கும். கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து மருந்துகள் ஆகியவற்றுக்குப் பின் இது அதிகம். 65 வயதைக் கடந்தவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அபாயம் கூடும்.

24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகிப் போனால் மலப் பரிசோதனை கேளுங்கள். அதற்கு முன், மலமிளக்கியோ குழாய்வழி உணவோ காரணமா என்று செவிலியரிடம் விசாரியுங்கள். பல வேளைகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும். மலத்தில் இந்தக் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. தொந்தரவே இல்லாமல் இந்தக் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு. நச்சு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தொற்று உறுதியானால் முதல் கேள்வி: பழைய ஆன்டிபயாடிக் இன்னும் தேவையா? நிறுத்த முடிந்தால் நிறுத்துவதே பாதி வைத்தியம். சிகிச்சைக்கு ஃபிடாக்ஸோமைசின் அல்லது வான்கோமைசின், வழக்கமாக 10 நாட்கள். வான்கோமைசினை வாய்வழியே கொடுக்க வேண்டும். நரம்பில் ஏற்றினால் குடலை எட்டாது. வயிறு உப்பி, வலியும் காய்ச்சலும் கூடி, போக்கு திடீரென்று நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது அவசரநிலை.

அவரைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு ஒன்று: ஆல்கஹால் கிருமிநாசினி கொரோனாவை ஒழிக்கும், இந்தக் கிருமியின் வித்துகளை ஒழிக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கழிப்பறையை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

ஸ்டீராய்டு பெறுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறுங்காலுடன் மண்ணில் நடந்து பழகியவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு பல ஆண்டுகள் ஓசையின்றி வாழக்கூடும். கொரோனாவுக்குத் தரும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு அதைக் கட்டவிழ்த்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தந்தைக்கு அந்த வாய்ப்பு இருந்தால் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் தொற்று குணமான பின் மலத்தை மறுபடி சோதிப்பது வீண். நோய் போன பிறகும் வாரக்கணக்கில் 'பாசிட்டிவ்' காட்டலாம். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குள், நோய் திரும்புகிறது. அந்தக் காலத்தில் சளி, பல்வலி என்று வேறு மருத்துவரிடம் போனாலும், ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு முன் அவரிடம் இதைத் தெரிவித்துவிடுங்கள்.