அமிலம் ஏறிய புத்தகங்களுக்குச் செய்த சிகிச்சை பலித்ததா என்று எப்படிச் சோதிப்பது?

"எங்கள் நூலகத்தில் பழுப்பேறிய புத்தகங்களுக்கு அமில நீக்கம் செய்ய நினைக்கிறோம். எந்த முறை உண்மையிலேயே பலன் தருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிகிச்சைக்குப் பிறகு பி.எச் அளவு பார்த்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பி.எச் என்பது அமில-கார அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அது ஏறியிருந்தால் மருந்து தாளில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். தாளின் ஆயுள் கூடியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. நூலகப் பாதுகாப்புப் பிரிவில் பல வருடங்களாக இந்தச் சோதனைகளைச் செய்து வருகிறேன். இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதால் வீணான உழைப்பை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாளில் அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மை ஊறிப் பரவாமலிருக்க, பைன் மரப் பிசினையும் அலுமினியம் சல்பேட்டையும் கூழிலேயே கலக்கும் முறையை மோரிட்ஸ் இல்லிக் 1807-ல் வெளியிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கந்தல் துணிக்குப் பதிலாக மரக்கூழ் வந்தது. முதலாவது அமிலத்தைக் கொண்டுவந்தது, இரண்டாவது சீக்கிரம் பழுப்பேறும் பொருளைக் கொண்டுவந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தின் துணையோடு அமிலம், தாளின் நார்ப்பொருளான செல்லுலோஸின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை வெட்டிக்கொண்டே போகும். வெட்டுப்படும்போது புதிதாக அமிலம் உண்டாகும், அது இன்னும் வெட்டும். பழைய புத்தகத்துக்குள் யாரோ அடையாளத்துக்கு வைத்த நாளிதழ்த் துண்டை எடுத்துப் பாருங்கள். அது கிடந்த இரண்டு பக்கங்களிலும் அதே நீள அகலத்தில் ஒரு பழுப்புக் கட்டம் விழுந்திருக்கும். அமிலம் தாள் விட்டுத் தாள் தாவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

சிகிச்சை என்பது காரத்தை உள்ளே செலுத்துவதுதான். தனித் தாளென்றால் கால்சியம் கலந்த நீரில் நனைக்கலாம். முழுப் புத்தகங்களை மொத்தமாகச் செய்ய, மெக்னீசியம் ஆக்சைடு நுண்துகள்களை வினைபுரியாத திரவத்தில் மிதக்கவிட்டு முக்கியெடுப்பார்கள், அல்லது மெக்னீசியம் சேர்மத்தைக் கரைப்பானில் கரைத்து ஊட்டுவார்கள். டைஎதில் சிங்க் என்ற வாயு முறையும் ஒரு காலத்தில் இருந்தது. தாளின் உள்ளே வரைக்கும் ஊடுருவும், ஆனால் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருள் அது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாசாவின் கோடார்ட் மையத்தில் நடந்த சோதனை 1985-86-ல் விபத்தில் முடிந்தது. ஆகவே ஒரு முறை தாளுக்கு நல்லதா என்பதோடு, கையாளுகிறவருக்கு நல்லதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதலில் மாதிரி. கழித்துக்கட்டிய புத்தகங்களையோ இரட்டைப் பிரதிகளையோ எடுங்கள். ஒவ்வொரு தாளையும் நெடுக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்குச் சிகிச்சை செய்யுங்கள், மறு பாதியை அப்படியே வையுங்கள். ஆரம்பத்தில் நான் ஒரே நூலின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டேன். அவை வெவ்வேறு அச்சு, வெவ்வேறு தாள் என்று பிறகுதான் தெரிந்தது. வந்த எண் எதையும் நம்ப முடியாமல் மொத்தத்தையும் மறுபடி செய்தோம்.

அப்புறம் பி.எச். கோடு போட்டால் நிறத்தால் பி.எச் காட்டும் பேனாவால் சேகரிப்பிலுள்ள புத்தகத்தைத் தொடாதீர்கள், அந்தக் கறை போகாது. பி.எச் அளக்கும் கருவியின் தட்டையான மின்முனையை வைத்து ஒரு சொட்டு வாலைவடிநீரில் அளக்கலாம். சொட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழாமலிருக்க, அளந்ததும் இரண்டு பக்கமும் உறிஞ்சுதாள் வைத்து அழுத்த வேண்டும். ஆனால் இது மேற்பரப்பை மட்டும்தான் சொல்லும். நுண்துகள் முறையில் துகள்கள் மேலே படிந்திருக்கும்போது மேற்பரப்பு காரமாகவும் உள்ளே அமிலமாகவும் இருக்கலாம். மாதிரித் தாளை வெட்டிக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை அளப்பதே நம்பகமானது.

எந்த இடத்தில் அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு தொகுதி சிகிச்சை முடிந்து வந்தபோது வெளி ஓரங்களில் 8.5 வரை காட்டியது. எல்லோருக்கும் திருப்தி. ஒரு புத்தகத்தைப் பிரித்துத் தையலை ஒட்டிய பகுதியை அளந்தேன், 5.6. பக்கங்கள் இறுக்கமாக இருந்ததால் திரவம் அங்கே போகவே இல்லை. அன்றிலிருந்து வெளி ஓரம், நடு, தையல் ஓரம் என்று மூன்று இடத்திலும், புத்தகத்தின் முன், இடை, கடை என்று மூன்று தாளிலும் அளக்காமல் எதையும் ஏற்பதில்லை.

காரக் கையிருப்பையும் பாருங்கள். இப்போதுள்ள அமிலத்தைச் சமன் செய்வதோடு, இனி வரப்போவதை எதிர்கொள்ளவும் மிச்சம் வேண்டும். புதிய நிலைத்த தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம், குறைந்தது 2% கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கையிருப்பைக் கேட்கிறது. சிகிச்சைக்கும் அதை ஒரு அளவுகோலாக மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலான சோதனை, இரண்டு பாதிகளையும் செயற்கையாக மூப்படையச் செய்து பலத்தை ஒப்பிடுவது. 100 டிகிரியில் 3 நாள் வைத்தால் 25 ஆண்டு கழிந்ததற்குச் சமம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அந்த ஆண்டுக் கணக்கை நான் யாரிடமும் சொல்வதில்லை. உலர்ந்த சூட்டில் ஈரமே இல்லை. அலமாரியில் ஈரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. 80 டிகிரியும் 65% ஈரப்பதமும், அல்லது மூடிய கண்ணாடிக் குழாயில் 100 டிகிரியில் 5 நாள் என்ற முறைகள் மேல். மூடிய குழாயில் தாள் விடும் ஆவி அமிலங்கள் வெளியேறாமல் அதன்மேலேயே வேலை செய்யும். மூடிய புத்தகத்துக்குள் நடப்பதும் அதுதான்.

பிறகு மடிப்புத் தாங்கும் சோதனை. 15 மி.மீ. அகலக் கீற்றை இழுத்துப் பிடித்து, அறும்வரை முன்னும் பின்னும் மடிக்கும் கருவி இருக்கிறது. ஒரே தாளின் கீற்றுகளில் ஒன்று 40 மடிப்பில் அறும், அடுத்தது 110 வரை தாங்கும். பத்துக் கீற்றாவது வேண்டும். ஏற்கெனவே நொறுங்கும் தாள் முதல் மடிப்பிலேயே ஒடியும், அதில் ஒப்பிட எதுவுமில்லை. அப்போது தாளைக் கரைத்து, கரைசலின் பாகுத்தன்மையை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை) அளந்து, அதிலிருந்து செல்லுலோஸ் சங்கிலி நீளத்தைக் கணக்கிட வேண்டியதுதான்.

ஒடியும் தாளை எந்த அமில நீக்கமும் பலப்படுத்தாது. வெட்டுப்பட்ட சங்கிலி ஒட்டாது, மேலும் வெட்டுப்படும் வேகம்தான் குறையும். அதனால் பணத்தை இன்னும் வளைந்துகொடுக்கும் புத்தகங்களுக்குச் செலவிடுங்கள். நொறுங்கத் தொடங்கியவற்றை மின்வருடி, பெட்டியிலிட்டு, குளிர்ச்சியான உலர்ந்த அறையில் வையுங்கள். மை கசிகிறதா, மேலட்டைச் சாயம் இறங்குகிறதா, தாள் கூடுதலாக மஞ்சளாகிறதா என்பதையும் ஒரு மூலையில் பார்த்துவிட்டே முழுத் தொகுதியை ஒப்படையுங்கள்.

சோதனைக்கூடம் இல்லையென்றாலும் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு இரட்டைப் பிரதியின் சில தாள்களை இரண்டாக வெட்டி, சிகிச்சை செய்த பாதியையும் செய்யாத பாதியையும் அமிலமற்ற தனித்தனி உறைகளில் போட்டு, மற்றப் புத்தகங்கள் இருக்கும் அதே அலமாரியில் வைத்துவிடுங்கள். உறையின்மேல் பென்சிலால் தேதி, முறை, அன்றைய பி.எச் எழுதுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டையும் எடுத்து அளக்கட்டும், அப்போது அந்த வேலையில் யார் இருந்தாலும்.