'இளக்காரமான' என்று மனுவில் எழுதலாமா?

கேள்வி: ஓய்வூதிய விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிவிட்டேன். எழுத்தர் அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் தூக்கிக் காட்டிச் சிரித்தார். புகாரில் 'இளக்காரமான சிரிப்பு' என்று எழுதினேன். வாசலில் மனு எழுதித் தருபவர், அது கொச்சை என்று அடித்துவிட்டு 'இழிவான சிரிப்பு' என்று மாற்றினார். எது சரி?

பதில்: நீங்கள் எழுதியதுதான் சரி. இளக்காரம் அகராதியில் இருக்கிற சொல், கொச்சை இல்லை. எதிரே நிற்பவரை மட்டமாக எடைபோட்டு, அது அவருக்கே தெரியும்படி நடந்துகொள்வதுதான் இளக்காரம். பார்வை, பேச்சு, சிரிப்பு எதோடும் சேரும். நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லும் தொல்காப்பியம், பிறரை இகழ்ந்து சிரிக்கும் 'எள்ளல்' என்பதில்தான் தொடங்குகிறது. உங்கள் எழுத்தர் சிரித்தது அந்த வகை.

'இழிவான சிரிப்பு' என்றால் சிரிப்பே கீழ்த்தரமானது என்றாகிவிடும். "என்ன அசிங்கமாகச் சொன்னார்?" என்று விசாரணையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'அலட்சியமான' என்பதும் பொருந்தாது. அலட்சியக்காரர் உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். இவர் நன்றாகவே கண்டுகொண்டார், அதுதானே புகார்!

ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை. 'இளக்காரம் கொடுப்பது' வேறு. "பேரனுக்கு ரொம்ப இளக்காரம் கொடுக்கிறீர்கள்" என்றால் கண்டிக்காமல் இடம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். பேரனை யாரும் கேலி செய்யவில்லை. அதனால் 'எழுத்தருக்கு இளக்காரம் கொடுத்த மேலாளர்' என்று எழுதினால், மேலாளர் அவரைத் தட்டிக்கேட்காமல் விட்டார் என்றாகும். அப்படி நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். 'கொடு' வந்தாலே பொருள் திரும்பிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த மனு எழுதுபவர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலக வாசலில் பார்த்திருக்கிறேன். 'இழிவான', 'தரக்குறைவான', 'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி' என்று கைவசம் நாலு வாக்கியம் இருக்கும். பட்டா தகராறுக்கும் அதுதான், குழாயில் தண்ணீர் வராததற்கும் அதுதான். பக்கம் கூடினால் காசும் கூடும். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மூன்று வரியில் வரும் மனுவை மதிக்காத அலுவலகங்கள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன.

சரி, வெள்ளைத்தாளில் நீங்களே எழுதுங்கள்: 'என் படிவத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டி இளக்காரமாகச் சிரித்தார்.' மேலே தேதியும் நேரமும் போட மறக்காதீர்கள்.