வண்டி நிற்கும் நாளுக்கு என்ன கூலி என்று கேளுங்கள்

வேலை வழிகாட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 27 வயது ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாகக் கோழித்தீவன லோடு ஓட்டி வருகிறேன். கேஸ் டேங்கருக்கு மாறினால் வருமானம் கூடும் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். அதற்கு என்ன தகுதி வேண்டும்? வேலை எப்படி இருக்கும்? தொழில் நிலைக்குமா?
- வாசகர், இராசிபுரம்

பதில்: தென்மாநிலங்களில் ஓடும் சமையல் எரிவாயு டேங்கர்களின் உரிமையாளர் சங்கம் உங்களுக்குப் பக்கத்திலுள்ள நாமக்கல்லில்தான் இயங்குகிறது. ஆகவே வேலை தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எந்த வண்டியில் ஏறுவது என்பதைத்தான் நிதானமாகத் தீர்மானிக்க வேண்டும்.

தகுதியை முதலில் பார்ப்போம். கனரக வாகன உரிமம் உங்களிடம் இருக்கிறது. அபாயகரமான சரக்கை ஓட்ட அது மட்டும் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதிப்படி மூன்று நாள் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் பெற்று, அதை உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள ஒரு மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பலர் இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். டேங்கரின் பக்கவாட்டுப் பலகையில் 1075 என்று இருந்தால் உள்ளே சமையல் எரிவாயு, 1203 என்று இருந்தால் பெட்ரோல். கசிவு ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ஓட்டுநரிடம் இருக்கும் அவசரகால அட்டையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர் வண்டியைப் பூட்டிவிட்டு ஓடத்தான் முடியும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி உண்டு.

ஓட்டும் முறையிலும் நீங்கள் பழகியதில் சிலவற்றை மறக்க வேண்டியிருக்கும். தீவன மூட்டை கட்டிய இடத்திலேயே கிடக்கும், திரவம் அப்படிக் கிடக்காது. வெப்பத்தில் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக எரிவாயு டேங்கரை ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு மேல் நிரப்புவதில்லை. மீதமுள்ள இடத்தில் திரவம் அலைந்துகொண்டே இருப்பதால், வளைவில் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் அது பழைய திசையிலேயே வண்டியைத் தள்ளும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் முன்பின் அலையைத்தான் பெரும்பாலும் அடக்கும், பக்கவாட்டு அலைக்கு வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 2025 ஜனவரி 3ஆம் தேதி அதிகாலையில், கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவுடன் வந்த டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. கசிந்த வாயு தீப்பிடிக்காமலிருக்க மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். புறப்படும் முன் இணைப்புத் தகட்டையும் பூட்டையும் குனிந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சரக்கை இறக்கிய டேங்கரைக் 'காலி வண்டி' என்று சொல்வது வழக்கம். உள்ளே ஆவி இருக்கும்வரை அது காலி வண்டி ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். மங்களூரிலோ கொச்சியிலோ லோடு ஏற்றி, சிலிண்டர் நிரப்பும் ஆலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வாசலிலேயே கைபேசி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள், புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எடை மேடையில் ஏறி இறங்கி, உள்ளே போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எர்த் கம்பியை மாட்டி, சாவியை ஒப்படைத்த பிறகே குழாயைத் தொடுவார்கள். ஆலையின் சேமிப்புத் தொட்டியில் இடம் இல்லை என்றால் இந்த வரிசை அசையாது. முன்னால் இருபது வண்டி நின்றாலும், இடையில் விடுமுறை வந்தாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ வெளியே புழுதியில்தான் கழியும். டேங்கர் ஓட்டுநரின் வாழ்க்கையில் பாதி, வண்டி ஓட்டாத நேரம்தான்.

அதனால் சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால், நிற்கும் நாளுக்குப் படி உண்டா என்று கேளுங்கள். டிரிப் கணக்கில் கூலி பேசினால் தொகை பெரிதாகத் தெரியும். வரிசையில் நிற்கும் நாட்களைக் கழித்துப் பார்த்தால், மாதச் சம்பளமும் தினப்படியும் தருபவரே மேல் என்பது பல நேரங்களில் தெரியவரும். அடுத்து, கூட யார் வருவார் என்று கேளுங்கள். மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாமல் வந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்பது உள்ளிட்ட எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து, 2025 மார்ச் இறுதியில் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உரிமையாளர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும் ஓட்டுநரின் பக்கம் நின்று பார்த்தால், இரண்டாவது ஆள் கட்டாயம் என்ற நிபந்தனையை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பொருந்தும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பு அதில் உள்ளது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் இருக்காது.

தொழில் நிலைக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: நிலைக்கும், ஆனால் பாதைகள் மாறும். கொச்சியிலிருந்து கோவை வழியாகச் சேலத்துக்கும், கண்ட்லாவிலிருந்து கோரக்பூருக்கும் எரிவாயுக் குழாய்ப் பாதைகள் திட்டமிடப்பட்டன. குழாய் எட்டும் ஆலைக்கு டேங்கர் தேவைப்படாது, எட்டாத ஆலைகளுக்குத் தேவைப்படும். நெடுந்தூர டிரிப்பை மட்டும் நம்பி வண்டி வாங்கக் கடன் எடுப்பதை உங்கள் வயதில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் கணவர் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறார். விபத்து நடந்தால் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டுச் சிறை என்று புதிய சட்டம் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். வேலையை விடச் சொல்லலாமா?
- வாசகி, சங்ககிரி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு. அசட்டையாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பி ஓடுபவருக்கே அதில் பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு. 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தி, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது இதற்காகத்தான். 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

கூட்டம் அடிக்க வரும் என்ற அச்சத்தில்தான் பல ஓட்டுநர்கள் ஓடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே அதை ஒப்புக்கொள்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் இயலாமல் போனாலன்றி, காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். எப்படியாயினும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட வேண்டும். இதைக் கணவரிடம் சொல்லி வையுங்கள். வேலையை விடச் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கிலிருந்து பங்குகளுக்குப் போகும் பெட்ரோல் டேங்கரில் தூரம் குறைவு, பல நாட்களில் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். நெடுந்தூர லாரி ஓட்டுநரின் குடும்பத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி: சவுதியில் டேங்கர் டிரெய்லர் ஓட்டும் வேலைக்கு ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். நம்பலாமா?
- வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: பதிவு பெற்ற முகவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அவருடைய பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் வேலை 'கனரக டிரெய்லர் ஓட்டுநர்' என்றே எழுதப்பட்டிருக்கிறதா, அந்நாட்டு உரிமம் பெறும் செலவு யாருடையது, உரிமம் கைக்கு வரும்வரை சம்பளம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுங்கள்.