பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் வட்டமாக ஒரு பெரிய பாறைக்குழி, நிறையத் தண்ணீர். விண்கல் விழுந்த பள்ளமாக இருக்குமா?

இல்லைங்க. கோடையில் தண்ணீர் இறங்கியதும் பக்கச்சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. மேலிருந்து கீழாக விரல் தடிமனில் அரைவட்டக் கோடுகள் ஓடும். வெடிமருந்து திணிக்கத் துளை போட்ட தடம் அது. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குழி.

ஆனால் அந்த வெடியை வைத்தே விண்கல்லைப் புரிந்துகொள்ளலாம். சேற்றில் சாய்வாகக் கல் எறிந்தால் நீளமாகக் கீறும். பெரிய விண்கல் அப்படித் தோண்டுவதில்லை. நொடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். அதே எடை டிஎன்டி வெடிமருந்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆற்றல். தொட்டதும் வெடிக்கிறது. அதனால்தான் சாய்வாக வந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டம். அமெரிக்காவின் அரிசோனாவில் 50 மீட்டர் அளவு இரும்பு விண்கல், 1.2 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தை உண்டாக்கியது. கல்லில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விட்டது.

வட்ட வடிவம் மட்டும் சாட்சி ஆகாது. மோதிய அதிர்ச்சியில் கண்ணாடியாக மாறிய கனிமங்கள், கூம்பு கூம்பாக வரியோடிய பாறை போன்ற தடயங்கள் வேண்டும். மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி, சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம், இப்படித்தான் உறுதியானது. ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில் அப்படி உறுதியான பள்ளம் எதுவும் இல்லை.

காட்டில் கிடைத்த கறுப்புக் கல்லில் காந்தம் ஒட்டுகிறது, அது விண்கல்லா என்றும் சிலர் கேட்கிறார்கள். சேலம் கஞ்சமலை இரும்புக்கல்லிலும் காந்தம் ஒட்டும்ங்க.