பட்டறை பதில்கள்: பல்பைத் தொட்டுப் பார்த்தீர்களா?

கேள்வி: அண்ணே, நானும் மச்சானும் சேர்ந்து தொண்டியில் ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். படகின் பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல். கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் போய் முழு வேகம் கொடுத்தால் திணறி நின்றுவிடுகிறது. டேங்கிலிருந்து இன்ஜினுக்கு வரும் பெட்ரோல் டியூபில் இருக்கும் ரப்பர் பல்பை அழுத்தினால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது, பிளக்கும் புதுசு. இப்போது புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: போடாதீர்கள். பல்பை அழுத்தினால் ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்களே! கார்புரேட்டர் பாவம், அதற்கு வரவேண்டிய பெட்ரோல் வரவில்லை. கடல் இல்லாத காரைக்குடியில் உட்கார்ந்து பம்புசெட்டோடு படகு இன்ஜினும் பார்க்கிறவன் சொல்கிறேன், ஸ்பேனரை எடுக்கும் முன் பல்பைத் தொட்டுப் பாருங்கள்.

மச்சானை இன்ஜினில் உட்கார வைத்துவிட்டு, பல்பில் நீங்கள் கை வையுங்கள். இன்ஜின் திணறும்போது அது சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தால், டேங்க் பக்கம் அடைப்பு. முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள். கார் டிக்கியில் டேங்கைக் கொண்டுபோகிறவர்கள் வாடை வராமலிருக்க அதை இறுக மூடிவிட்டு, கரையில் திறக்க மறந்துவிடுவார்கள். திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் செலவு மிச்சம். இல்லையென்றால் டேங்குக்குள் இறங்கும் குழாயின் வலையைக் கழுவுங்கள். பழைய டியூபாக இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்தோல் ஊதிப் பிரிந்து வழியை அடைக்கும், வெளியே பார்த்தால் டியூப் நன்றாகத்தான் இருக்கும்.

எவ்வளவு அழுத்தியும் பல்பு கெட்டியாகவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ காற்று புகுகிறது. விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான். டேங்குக்கும் பல்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால் ஓடும்போது பெட்ரோல் சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. பல்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே பெட்ரோல் தாங்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டியூப் ஒரு துண்டு மாட்டுங்கள். குமிழி ஓடினால் பிடிபட்டுவிட்டது. கனெக்டர் ஓ-ரிங், கிளாம்ப், பல்பின் வால்வு, இந்த வரிசையில் பாருங்கள்.

பல்பு கெட்டியாகவே இருக்கிறது, அழுத்தினால் மட்டும் ஓடுகிறது என்றால் ஃப்யூல் பம்ப். அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வை, அதாவது டயாஃப்ரத்தை, கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசி முனை அளவு ஓட்டை போதும். அதற்குக் கிட் தனியாகவே கிடைக்கும்.

அதுவரை பல்பை அழுத்தி அழுத்தி ஓட்டாதீர்கள். உங்கள் இன்ஜினுக்குப் பெட்ரோலோடுதான் ஆயில் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கவரைத் திறந்து வேலை பார்க்கும்போது மச்சான் பீடி பற்றவைக்காமல் இருந்தால் நல்லது.

கேள்வி: மழைக்காலம் முழுக்கப் படகு சும்மா கிடக்கும். ஆயில் கலந்த பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைக்கலாமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், குழாய் உறிஞ்சுவதும் அடியில்தான். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. ஏற்கெனவே விட்டுவைத்திருந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி வையுங்கள். கோடு போட்டதுபோல் இரண்டாகப் பிரிந்திருந்தால் இன்ஜினுக்கு ஊற்றாதீர்கள். இனிமேல் தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். 50க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் 25 லிட்டருக்கு அரை லிட்டர் ஆயில்.

கேள்வி: புது பல்பு மாட்டினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை!
- ஒரு வாசகர், புதுவயல்

பதில்: பல்பின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினைப் பார்க்க வேண்டும், திருப்பி மாட்டுங்கள். அப்படித்தான் இருக்கிறது என்றால், அம்பு வானத்தைப் பார்க்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள்.