சாரக்கரை பட்டாலும் எரிகிறது

கேள்வி: டொக்டர் ஐயா, திருக்கடலூரில் கரைவலைத் தொழில் செய்கிறேன். ஒன்றரை வருசத்துக்கு முன் வலை இழுக்கையில் போத்தல் ஓடு வலது கணுக்காலைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள், காயமும் ஆறிவிட்டது. ஆனால் சாரக்கரை உரசினாலே தணல் வைத்தது போல எரிகிறது. கச்சான் காற்று பட்டாலும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. வலிக் குளிசையும் கேட்கவில்லை. தொழிலுக்குப் போகப் பஞ்சிப்பட்டு நடிக்கிறேன் என்கிறாள் மனுசி. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் சுகம் வருமா?

பதில்: தம்பி, இது நடிப்பில்லை. துணி பட்டு எரிவது, நரம்பு காயப்பட்டவர்கள் சொல்லும் பேச்சு. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது.

வேலைக்கு வந்த புதிதில் உம்மைப் போல ஒருவரை "மனதைத் திடப்படுத்தும்" என்று சொல்லி அனுப்பியவன் நான். நுளம்பு வலை காலில் படாமலிருக்க ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் காலை விட்டுத் தூங்குவதாகச் சொன்னார் அவர். நடிக்கிறவன் இரவில் தனியாகக் கிடந்து அதைச் செய்வானா? எனக்கு அன்று உறைக்கவில்லை.

வெட்டு கணுக்காலில்தான். குழப்பம் முள்ளந்தண்டுக்குள், முண்ணாணில். அங்கே மைக்ரோகிளியா என்ற காவல் கலங்கள் உண்டு. முண்ணாணின் சொந்த நிர்ப்பீடனப் படை என்று வையும். வெட்டுப்பட்ட நரம்பு அனுப்பும் அபாயச் செய்தியில் அவை பெருகி, ஊதி, இரசாயனங்களை விடத் தொடங்கும்.

வலியை மூளைக்கு ஏற்றும் நரம்புக் கலம், தனக்குள் வரும் குளோரைட்டை, அதாவது கறியுப்பிலும் உள்ள ஒரு கூறை, ஓயாமல் வெளியே தள்ளும், ஒழுகுகிற வள்ளத்தில் தண்ணீர் இறைப்பது போல. உள்ளே குளோரைட்டு குறைவாக இருந்தால்தான் "போதும், அடங்கு" என்ற கட்டளை எடுபடும். மைக்ரோகிளியா விடும் பிடிஎன்எஃப் என்ற புரதம் அந்த இறைப்பைக் கெடுத்துவிடுகிறது. அப்புறம் அடக்க வந்த கட்டளையே சில வேளை உசுப்பிவிடும். சாரம் தொட்ட செய்தி வலியாக மேலே போகும்.

2003இல் தூண்டப்பட்ட மைக்ரோகிளியாவைக் காயமே இல்லாத எலிகளின் முண்ணாணைச் சுற்றி விட்டுப் பார்த்தார்கள். மெல்லிய இழை தொட்டதற்கே அவை காலை இழுத்துக்கொண்டன. இதை உம்முடைய மனுசிக்கு வாசித்துக் காட்டும். இன்னொரு புதினமும் உண்டு: 2015இல் வந்த ஆய்வில் இந்த வழி ஆண் சுண்டெலிகளில்தான் வேலை செய்தது, பெண் சுண்டெலிகள் வேறு நிர்ப்பீடனக் கலங்களை நாடின. நெடுங்காலம் ஆண் எலிகளையே பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுகூடங்களுக்கு அது வேண்டியதுதான்.

எலியில் மைக்ரோகிளியாவை அடக்கிய மினோசைக்ளின் என்ற கிருமிகொல்லி மருந்து மனிதரில் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. யாராவது சொன்னார்கள் என்று வாங்கிப் போடவேண்டாம். வழமையான வலிக் குளிசை இதற்குப் பெரிதாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபலின் என்பவை வேறு வகை. எல்லாருக்கும் கேட்கும் என்றில்லை, கேட்டாலும் சில கிழமை எடுக்கும். கிளினிக்கில் "துணி பட்டாலும் எரிகிறது" என்று இதே சொல்லில் சொல்லும். விடிய முன் கடலில் இறங்குகிறவர் என்பதையும் சொல்லும், இவை தூக்கம் வரப்பண்ணும்.

கன்னியாவுக்குத் தாராளமாகப் போகலாம். இதமாக இருக்கும், நரம்பைத் திருத்தாது. ஆனால் அந்த ஏழு கிணறும் ஒரே சூடில்லை. எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் விறைத்த இடமும் இருக்கக்கூடும், அங்கே தோல் வெந்தாலும் தெரியாது. முதலில் கையை விட்டுப் பார்த்து, பிறகு காலில் ஊற்றும்.