குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கினால் மனநோய் குணமாகுமா? படித்தவர்களும் ஏன் போகிறார்கள்?

உங்கள் வீட்டிலும் யாருக்கோ சரியில்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிண்டலுக்குக் கேட்டிருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குணமாகுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்காவுக்கு மனச்சிதைவு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அந்த 48 நாளும் ஒரு வேளைகூட விடவில்லை. அதனால் பெருமாளா மாத்திரையா என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வராதீர்கள். "ஏர்வாடி மறந்துபோச்சா?" என்று எப்படியும் ஒருவர் வருவார். மறக்கவில்லை ஐயா. 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். ஆளைக் கட்டிப்போடும் இடம் எந்தச் சாமி பெயரில் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நாங்கள் போனது 2014 சித்திரை வெயிலில். திருச்சியிலிருந்து முசிறி போகிற வழியில், காவிரிக் கரையில் இருக்கிறது ஊர். வெளியே ஓர் அறை எடுத்துத் தங்கி, உச்சிக்காலத்துக்கும் அர்த்தசாமத்துக்கும் பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதிக்குப் போவோம். பூஜை முடிந்ததும் பட்டர் தீர்த்தத்தை முகத்தில் அடிப்பார். தெளிப்பது இல்லை, பளாரென்று அடிப்பது. முதல் நாள் அக்கா அலறிக்கொண்டு என் கையைக் கடித்துவிட்டாள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மகனைப் பிடித்துக்கொண்டிருந்த சேலத்து அம்மா மட்டும், "என்னையும் போன வாரம் கடிச்சான் தம்பி, மஞ்சள் வெச்சுக்க" என்றார்.

அக்காவுக்கு நோய் வந்த நாலு வருஷத்தில் எங்களை விசாரிக்காமல் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. சொந்தக்காரர்கள் போன் செய்தால் "இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள், ஏதோ அடுப்பில் இருக்கிற குழம்பைக் கேட்கிற மாதிரி. எதிர்வீட்டில் அக்கா குரல் கேட்டால் ஜன்னல் சாத்துவார்கள். வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போய், காலி பண்ணச் சொல்லிவிட்டு அட்வான்ஸில் பன்னிரண்டாயிரத்தைப் பெயிண்ட் அடிக்க என்று பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதே அந்தச் சுவர் உரிந்துதான் கிடந்தது. போட்டோகூட வைத்திருக்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் பத்து வருஷமாக ஆறவில்லை.

குணசீலத்தில் ராத்திரி தீர்த்தம் வாங்கிவிட்டு ஐந்தாறு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். புதுக்கோட்டைப் பெரியவர் ஒருவர் தன் சம்சாரத்துக்குத் தயிர்சாதம் ஊட்டுவார். அந்த அம்மா பாதியைத் துப்பும். அவர் துடைத்துவிட்டு, நேற்றைய கிரிக்கெட் ஸ்கோரை என்னிடம் கேட்பார். நான் கடைக்குப் போனால் அக்காவைச் சேலத்து அம்மா பார்த்துக்கொள்வார். அவர் குளிக்கப் போனால் அவர் பையனுக்கு நான். யாரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை.

படித்தவர்கள் ஏன் என்றீர்களே, பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர்களே இப்படி ஒரு இடத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைச் சோதித்து, நோய் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே தனியாக வைத்தியச் சடங்கு எதுவும் கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். மிரட்டாத, ஆதரவான இடம் என்பதால்தான் பலன் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. 31 பேர் சின்னக் கணக்கு என்பீர்கள். சரி, சின்னதுதான்.

முப்பதாவது நாளோ என்னவோ, உச்சிக்காலத் தீர்த்தம் முகத்தில் விழுந்ததும் அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத் தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குடா" என்றாள். அவளாக ஒரு முழு வாக்கியம் பேசி மாசக்கணக்காகியிருந்தது. சேலத்து அம்மாதான் முதலில் அழுதார்.

இப்போதும் அக்கா மாத்திரை போடுகிறாள். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. சேலத்து அம்மாவுக்கு நான் இன்னும் "தம்பி"தான், பொங்கலுக்கு முறுக்கு வரும்.

போவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, 48 நாளுக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு போங்கள். கொசுவலை கட்டாயம். ஆற்றங்கரை, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பிய்த்துவிடும்.